எலேனாவின் கூறைப் பெட்டி

டீட்டிகோன்
சுவிஸ், 02.05.2025

என் அன்புள்ள அஞ்சலினுக்கு,

மாதா உன்னையும் உன் மனுசன் ஜெபநேசன் அண்ணையையும் காக்கட்டும். எலேனாவின் கல்யாணக் கூறைச் சீலையை வைக்க நீ செய்த மரப்பெட்டி இன்று காலை பத்திரமாக வந்து சேர்ந்தது. வேலைக்குப் போக வெளிக்கிட்டவள், சப்பாத்தோடு குசினிக்குள் நின்றே பிரித்தேன். மெழுகால் கோடு போட்டுச் சாயம் ஏற்றி, மரத்தில் இவ்வளவு நுணுக்கமாக பத்திக் போடலாமா! சதுரங்கள், சதுரத்துக்குள் முக்கோணங்கள், நடுவில் ஒவ்வொரு புள்ளி. மெழுகு ஓரிடத்தில்கூடச் சிந்தவில்லை. உன்னோடு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிற ஜாவாக்காரி ரெட்னோவிடம் ஆறு வருடம் பழகியது வீண்போகவில்லை. பள்ளிக்கூடத்தில் கொப்பியில் நேராகக் கோடு அடிக்கத் தெரியாதவள் நீ.

24ஆம் திகதி கல்யாணத்துக்கு நல்ல சீலையாகக் கட்டிக்கொண்டு வா. போன இரண்டு விசேஷத்துக்கும் சாக்குச் சொல்லித் தப்பிவிட்டாய். ஞானத்தாய் நீ இல்லாமல் என் பிள்ளை கோயில் படி ஏற மாட்டாள்.

உன் யூலி


டீட்டிகோன்
05.05.2025

அஞ்சலின்,

எலேனா அந்தப் பெட்டியைப் படம் எடுத்து, தன்னோடு வேலை செய்கிற ஒரு ஜாவாப் பெண்ணுக்குப் பெருமையாக அனுப்பினாள். உடனே பதில் வந்தது. இந்த டிசைன் எங்கள் ஊரில் சவத்தின் மேல் போர்த்துகிற துணிக்கு உரியது, போகிறவருக்கு வழி இலகுவாகட்டும் என்று போடுவது, உங்கள் வீட்டில் யார் இறந்தது என்று கேட்டிருக்கிறாள். பிள்ளை அழுதுகொண்டு வந்து என்னிடம் கைபேசியைக் காட்டினாள்.

தெரியாமல் செய்தேன் என்று மட்டும் சொல்லாதே. எந்த டிசைன் எதற்கு என்று ரெட்னோ முதல் நாளே சொல்லித் தந்ததாக நீதான் எனக்கு எழுதினாய். என் பிள்ளையின் கூறையை இதற்குள்ளா வைக்கச் சொல்கிறாய்?

உன் கைபேசிக்கு அடித்தேன், நீ எடுக்கவில்லை. வீட்டுக்கு அடித்தேன். "உங்கடை மனுசி என்ரை பிள்ளைக்குச் சாவுப்பெட்டி அனுப்பியிருக்கிறா" என்று அண்ணையிடம் கத்திவிட்டேன். "என்ன பிள்ளை சொல்லுறீர்?" என்றார் அவர், பாவம், ஒன்றும் விளங்காமல். பெட்டியைப் பல்கனியில் போட்டிருக்கிறேன். வீட்டுக்குள் எடுக்க மாட்டேன்.

யூலியானா


பேர்ண்
07.05.2025

என் யூலிக்கு,

உன் கோபம் சரி. நான் தெரிந்துதான் வரைந்தேன். ஆனால் அது உன் பிள்ளைக்கு வரைந்தது இல்லை.

ஒரே அளவில் இரண்டு பெட்டி வாங்கினேன். ஒன்று எலேனாவுக்கு, கல்யாண டிசைனோடு. மற்றது எனக்கு, என் சாம்பலை வைப்பதற்கு. கணையத்தில் கட்டி, யூலி. ஜனவரியில் சொன்னார்கள். ஈரலுக்கும் போய்விட்டதாம், வெட்ட முடியாதாம். கோடை முடியும்வரைதான் இருப்பேன் என்கிறார்கள். இங்கே விற்கிற சாம்பல் சாடிகளைப் போய்ப் பார்த்தேன், ஒன்றையும் பிடிக்கவில்லை. ரெட்னோ தன் தாய்க்குப் போர்த்திய டிசைனையே கேட்டு வாங்கிப் போட்டேன். போட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் எனக்குப் பயம் இருக்கவில்லை.

என்னுடையது என் மனுசன் கண்ணில் படக்கூடாது என்று இரண்டையும் ஒரே மாதிரிக் கடதாசியில் தனித்தனியே சுற்றி வைத்தேன். தபாலுக்குப் போகும்போது "எதையப்பா அனுப்பிறது?" என்று கேட்டார். நான் தலையிடி என்று சொல்லிப் படுத்திருந்தேன். "சன்னல் பக்கம் இருக்கிறதை" என்றேன். பிழையாகச் சொல்லிவிட்டேன்.

அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. நீ கத்தியதைக் கேட்டுவிட்டு வந்து "என்னப்பா செய்தனீர்?" என்றார். "டிசைன் மாறிப்போச்சு" என்றேன், நம்பிவிட்டார். கல்யாணத்தில் அவர் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. அதற்குப் பிறகு சொல்கிறேன்.

எலேனாவின் பெட்டி இதோடு வருகிறது. என்னுடையதைத் திருப்பி அனுப்பு. வீட்டுக்கு வேண்டாம், வேலையிடத்துக்கு அனுப்பு. பதிலையும் அங்கேயே போடு. இன்னொன்று செய்ய எனக்குக் கை நிற்காது.

உன் அஞ்சலின்


டீட்டிகோன்
09.05.2025

என் அஞ்சலின்,

எப்படி எழுதுவேன். பெட்டி என்னிடம் இல்லை.

செவ்வாய்க்கிழமை அதைக் காரில் ஏற்றி, நகரசபையின் கழிவு சேர்க்கும் இடத்துக்குக் கொண்டுபோய், பழைய மரம் போடுகிற தொட்டிக்குள் எறிந்தேன். எறிந்துவிட்டுச் சிலுவை அடையாளமும் போட்டுக்கொண்டேன். இன்று உன் கடிதத்தை வாசித்ததும் வீட்டுச் செருப்போடு ஓடினேன். தொட்டி வெறுமையாக இருந்தது. நேற்றே எரிக்கக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அங்கே நின்றவர் சொன்னார். அவருக்கு முன்னால் நிலத்தில் குந்தியிருந்து அழுதேன்.

இவ்வளவு நாள் இதை வைத்துக்கொண்டு தனியாக எப்படி இருந்தாய்? நான் உனக்குச் சீலை கட்டிக்கொண்டு வா என்று பகிடி விட்டேன். உன்னைத் திட்டினேன். உனக்கென்று நீ செய்த ஒரே பெட்டியையும் குப்பையில் போட்டேன். என்னை மன்னி என்று கேட்கவும் வாய் வரவில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை லீவு எடுத்துக்கொண்டு பேர்ணுக்கு வருகிறேன். வெறும் பெட்டி ஒன்று வாங்கி வருவேன். கோடு எங்கே என்று நீ காட்டு, மெழுகை நான் போடுகிறேன். கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

அதற்கு முன் அண்ணையிடம் சொல்லிவிடு. நான் வாய் திறக்க மாட்டேன், சத்தியம். ஆனால் எனக்குக் கதவைத் திறக்கப்போவது அவர்தான். என் முகத்தைக் கண்டால் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

உன் யூலி