பதினான்காம் நாள் எலிகள்

மார்ச் 3, காலை 10.40. எலி மூளைகள்: பன்னிரண்டு.

ஆறு எலிகளுக்குப் பதினான்கு நாள் மனச்சோர்வு மருந்து. மற்ற ஆறுக்கு வெறும் உப்புநீர். மூளையின் மேலடுக்கை அரைத்து, குளூட்டமேட் என்ற மூளை ரசாயனத்தை ஏற்கும் ரிசெப்டர்கள் மாறியிருக்கின்றனவா என்று அளந்தேன். ஒரு மண்ணும் இல்லை. முன்பெல்லாம் செரட்டோனின் என்று முழங்கினார்கள், இப்போது குளூட்டமேட்டாம். பலகை மாறியிருக்கிறது, கடை அதேதான்.

“இருபத்தெட்டு நாள் எலிங்க வரட்டும்பா” என்றார் ஆய்வகத் தலைவி மேடம். ஒன்றும் வராதபோது எல்லோரும் சொல்வது இதைத்தான்.

மார்ச் 4

அக்காவுக்கு அதே மருந்து, மாத்திரையாக. இன்று பதினாறாம் நாள். அவள் வேலைக்குப் போகாமல் ஒரு மாதமாகிறது.

“டேய், இது எப்பதான்டா வேலை செய்யும்? வாய்தான் காயுது.”

“எலிக்கே செய்யல, உனக்கா செய்யப்போகுது?” என்றேன்.

சிரித்தாள். பல நாள் கழித்து. பெரிய அறிவாளிதான் நான்.

மார்ச் 9

டாக்டர் முதலிலேயே ஆறு வாரம் பொறுக்கச் சொல்லியிருந்தாராம், அம்மா சொன்னாள். ஆறு வாரத்தில் ஜலதோஷம் நாலு தடவை வந்து போகும்.

மார்ச் 17, மாலை 4.15

இருபத்தெட்டாம் நாள் எலிகள். மூன்று முறை அளந்தேன். கருவிதான் கோளாறு என்று நம்ப ஆசைப்பட்டு நான்காம் முறையும். மருந்து போன ஆறிலும் ரிசெப்டர் மாறியிருக்கிறது. அதே மருந்து, அதே அளவு. பாதி வழியில் எட்டிப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று தீர்ப்பெழுதிய மேதை யார்? நான்.

“எலிதான்பா. ரொம்ப ஆடாத” என்றார் மேடம்.

ஆடவில்லை. நேரே வீட்டுக்கு வந்தேன். “உனக்கு இன்னிக்கு இருபத்தொன்பதாம் நாள்தானே?”

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். “எதுக்கு எண்ணிட்டிருக்க? நீ சொன்ன அன்னிக்கே நிறுத்திட்டேன்.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீதானடா சொன்ன.”

“மூணு நாளா குளிக்கல” என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல். இதே வீட்டில்தானே இருக்கிறேன்? எலியின் எடையைத் தினமும் குறிக்கத் தெரிகிறது எனக்கு.

மார்ச் 18

“இப்ப மறுபடி போட்டா சரியாகுமா?” என்று கேட்டாள்.

“தெரியலக்கா.”

அன்றைக்கே இதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

இனி:

1. நாளை ஒன்பதரைக்கு டாக்டர். மாத்திரையை நிறுத்த வைத்தது நான்தான் என்று நானே சொல்வது.
2. மறுபடி அதேவா, வேறா என்று அவர் முடிவு செய்வார். நான் வாயை மூடிக்கொண்டு இருப்பது.
3. நாள் கணக்கு ஒன்றிலிருந்து. பழைய பதினாறைச் சேர்க்கக் கூடாது.
4. அவள் குளிக்காவிட்டாலும் கூட்டிக்கொண்டு போவது.