அட்டையில் இருந்த தேதி

அன்பு மகள் ரோஷெலுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தர் தயவில் நானும் அம்மாவும் பெரிய குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஆக்லாந்து வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன். டிசம்பரில் கண்ணில் புரை எடுத்தார்கள் அல்லவா, இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, சமையலறைச் சுவரில் இவ்வளவு பிசுக்கு இருக்கிறதா என்று வாய்தவறிக் கேட்டுவிட்டு அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இங்கே வுல்வர்ஹாம்ப்டனில் மழை விட்டபாடில்லை, சபையில் பாதிப் பேருக்கு இருமல்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஏன் உம்மென்று இருந்தீர்கள் என்று கேட்டாய், அம்மா பக்கத்தில் இருந்ததால் சொல்லவில்லை. மெப்ராத்துவை உனக்கு நினைவிருக்கும், எரித்ரியாக்காரர், ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை, நீ ஊருக்கு வந்திருந்தபோது அவர் மனைவி லெத்தாய் ஒரு கூடை நிறையப் புளித்த மாவு ரொட்டி கொடுத்தனுப்பினாளே, அவர்கள்தான். மூன்றரை வருஷத்துக்கு முன்னால் அந்த மாடி வீட்டை அவர்களுக்கு வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தது எங்கள் தரகு அலுவலகம், அவருடைய குடியிருப்பு அனுமதி அட்டையைச் சரிபார்த்தது நான். சட்டம் அப்படி, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இங்கே இருக்க அனுமதி உள்ளவர்கள்தானா என்று பார்த்து நகலெடுத்து, அனுமதி எப்போது முடிகிறதோ அந்தத் தேதியைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்காரருக்கு அபராதம். போலீஸ்காரன் வேலையை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நான் எத்தனை தடவை புலம்பியிருக்கிறேன், ஆனாலும் செய்துகொண்டுதான் இருந்தேன். அவர் அட்டையில் 2024 டிசம்பர் 31 என்று இருந்தது, அதையே ஏற்றினேன். அந்தக் காலத்தில் கொடுத்த அட்டைகளில் பெரும்பாலும் அதே தேதிதான், அன்றோடு அட்டைதான் செல்லாது, அனுமதி அதற்குப் பிறகும் ஓடும். இது தெரியாமல் செய்தேன் என்றால் கூட மனசு ஆறும். அட்டைத் தேதியை நம்பாதீர்கள், இணையத்தில் பார்த்துத் திருத்துங்கள் என்று பிற்பாடு சுற்றறிக்கை வந்தது, நானும் படித்தேன், அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம் என்று இழுப்பறைக்குள் போட்டேன். அதோடு மறந்தே போனேன்.

நான் கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டில் படுத்திருந்த வாரம் கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு அவருக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது, உங்கள் உரிமை முடிகிறது, வீட்டைக் காலி செய்ய ஆயத்தமாகுங்கள் என்று. கீழே என் பெயர். அவர் இரண்டு தடவை அலுவலகத்துக்கு வந்து ஆல்ட்டன் சார் எங்கே என்று கேட்டிருக்கிறார். 2026 வரை அனுமதி இருக்கிறது, நீங்களே பாருங்கள் என்று அரசாங்க இணையதளத்தில் பார்ப்பதற்கான எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதியும் கொடுத்திருக்கிறார். எங்கள் மேலாளர் கீத், "இந்த நம்பர் கிம்பரெல்லாம் எனக்கு வேணாம், புது அட்டை இருந்தா எடுத்துட்டு வா, இல்லன்னா சாவியைக் குடுத்துட்டுப் போய்க்கிட்டே இரு" என்று சொல்லி அனுப்பிவிட்டான். நான் வேலைக்குத் திரும்பிய அன்று அந்தச் சீட்டு கீத்தின் டீக்கோப்பைக்கு அடியில் கிடந்தது, மெப்ராத்துவின் சாவி ஒரு உறைக்குள் இருந்தது. எண்ணைப் போட்டுப் பார்த்தேன். நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை, அவர் படம், பெயர், 2026 ஜூன் வரை அனுமதி, எல்லாம் வந்தது.

ஓடிப்போய் வீட்டைப் பார்த்தேன், அடுப்பைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போயிருக்கிறார்கள். போன் செய்தால் ஸ்டோக்கில் ஏதோ விடுதியில் ஒரே அறையில் நாலு பேராம், மூத்தவளுக்கு இது பரீட்சை வருஷம், பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ஏன் சண்டை போடாமல் போனீர்கள் என்று நான்தான் அவரிடம் சத்தம் போட்டேன், என்ன கொழுப்பு பார் எனக்கு. அவர், "தேதி தாண்டி அங்க இருந்தா பேர் கெட்டுடும் சார், அடுத்த வருஷம் நிரந்தரமா தங்க எழுதிக் குடுக்கணும்ல, பிரச்சனை பண்ண ஆளுன்னு எவனாவது எழுதிட்டா? நீங்க உங்க வேலையத்தானே பாத்தீங்க" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உன் பெரியப்பா லெஸ்லி ஏழு வயதில் ஜமைக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தவர், ஐம்பது வருஷம் இங்கே உழைத்த பிறகு அவரைக் காகிதம் கேட்டு அலைய விட்ட குமாஸ்தாவை நாம் எல்லாரும் எவ்வளவு திட்டினோம். இந்த வாரம் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டை அவர்களுக்கே திருப்பிக் கொடு என்று கீத்திடம் மன்றாடினேன், அதற்குள் வேறு ஆளுக்குப் பேசி முடித்தாயிற்றாம். வெள்ளிக்கிழமை அந்த வீட்டுக்குப் புதிதாக வரப்போகும் வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள், நான் பாஸ்போர்ட் கேட்டதும் கீத் என்னைத் தனியே இழுத்து, "மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா, அவங்ககிட்ட எதுக்குய்யா கேட்டுக்கிட்டு" என்றான். எல்லாரிடமும் கேட்கச் சொல்லித்தான் சட்டம், இரண்டு பேருடையதையும் வாங்கி நகலெடுத்தேன், அவன் முகம் சுண்டிப்போயிற்று. தப்பு எங்களுடையது, அவர் குற்றமில்லாமல் வெளியேறினார் என்று ஒரு கடிதம் மெப்ராத்துவுக்குக் கொடுக்க வேண்டும் என்றதற்கு, "எதையும் எழுத்துல ஒத்துக்காதே, வழக்குக்குப் போனா உன் வேலைதான் போகும்" என்றான். நேற்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அவருக்கு அடுத்த வீடு கிடைக்க அது உதவலாம், போன வீடு போனதுதான். வேலை போகுமா என்று தெரியவில்லை, அம்மாவிடம் இன்று சாப்பாட்டுக்குப் பிறகு சொல்ல வேண்டும்.

ஆண்டவர் உன்னைக் கண்மணிபோல் காக்கட்டும், உன் போக்கிலும் வரவிலும் துணை நிற்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. உன் விசாவும் மார்ச்சில் முடிகிறது, புதுப்பிக்க எழுதிப் போட்டிருக்கிறேன் என்றாய். அங்கே மேசைக்குப் பின்னால் எவனாவது உட்கார்ந்துகொண்டு கிளம்பு என்றால் மரியாதைக்காகக் கிளம்பிவிடாதே. இன்னொரு தடவை பார் என்று சொல், உட்கார்ந்துகொள், கத்து. நல்ல பிள்ளையாகச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களை என்னைப் போன்றவர்கள் ஒருநாளும் நிறுத்தியதில்லை.

உன் அப்பா,
ஆல்ட்டன் பெனட்