உன் மனுசன் வாடிக்குப் போயிருக்கிறார்

என் ஆசைத் தங்கச்சி பிலோ,

உன் கறிவேப்பிலை மரம் பிழைத்துவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றச் செய்தி எதையும் நீ காதில் வாங்கமாட்டாய். ஆடு கடித்த கொப்பில் இப்போது புதுத் துளிர் விட்டிருக்கிறது. ஆட்டுக்காரியோடு நான் சண்டைக்குப் போகவில்லை. அவளுக்கு நீ ஏசிவிட்டுப் போனதே இன்னும் பல வருடங்களுக்குக் காணும்.

இரண்டாவது செய்தி உன் மனுசனைப் பற்றியது. அந்தோனி மச்சான் இப்போது எங்கள் அரிப்பு ஊரில், உன் வீட்டில் இல்லை. மன்னார்த் தீவில், மறதி நோய் வந்த முதியவர்களைப் பராமரிக்கிற ஒரு இல்லத்தில் இருக்கிறார். நான்தான் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். முகத்தைத் திருப்பாமல் முழுவதையும் கேள்.

ஆஸ்பத்திரியில் நீ என் கையைப் பிடித்துச் சொன்னது எனக்கு மறக்கவில்லை. “அவரை ஆர் எண்டு தெரியாத சனத்துக்குள்ள விட்டிடாதேங்கோ அண்ணை.” நான் ஓம் என்றேன். அந்த ஓமைத் தூக்கிக்கொண்டுதான் இத்தனை மாதமும் திரிந்தேன்.

நீ போன பிறகு நான் உன் வீட்டுக்கே வந்து தங்கினேன். சமைத்தேன், அவரைக் குளிக்க வார்த்தேன், பின்னேரங்களில் இருவரும் கடற்கரைக்குப் போனோம். அதெல்லாம் பெரிய பாடில்லை. பாடு என்னவென்றால், மச்சான் உன்னைத் தேடினார். காலையில் எழும்பியவுடன் குசினியை எட்டிப் பார்ப்பார். கிணற்றடிக்குப் போவார். பிறகு என்னிடம் வந்து, “மாஸ்ரர், பிலோ எங்க?” என்பார். இத்தனை வருடம் மச்சானாக இருந்தும் அவருக்கு நான் எப்போதும் மாஸ்ரர்தானே.

ஆரம்பத்தில் உண்மையைச் சொன்னேன். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக்கூடாது என்று வாழ்க்கை முழுக்கப் படிப்பித்தவன் வேறு எதைச் சொல்வது? அவர் அப்படியே நிலத்தில் இருந்து அழுவார். மத்தியானம் மறந்துவிடும். பின்னேரம் திரும்பவும் கேட்பார், திரும்பவும் முதல் தரம் கேட்கிறவர் போலவே அழுவார். ஒரு மனிதனுக்கு ஒரே சாவீட்டை எத்தனை தரம் நடத்துவது, பிலோ?

பிறகு நானும் பொய்க்கு இறங்கினேன். நீ கோயிலுக்குப் போயிருக்கிறாய் என்றேன். அவர் கோயிலுக்குப் போய்த் தேடினார். சந்தைக்குப் போயிருக்கிறாய் என்றேன். ஒருநாள் நல்ல வெய்யிலில் காணாமற்போய், கடைசியில் அல்லிராணிக் கோட்டையடியில் வைத்து வலைப் பெடியள் பிடித்துக்கொண்டு வந்தார்கள். என் முழங்காலோ அவருக்குப் பின்னால் ஓடமாட்டேன் என்று எப்போதோ சொல்லிவிட்டது.

கனடாவிலிருந்து உன் மகன் நிக்சன் இணையத்தில் ஒரு இடம் பார்த்துச் சொன்னான். வெளியூரில், பெரிய இடம். பளிங்கு போலத் தரை, மூலைக்கு மூலை கமெரா, வாசலில் பூச்சாடிகள். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் நாங்களும் பூச்சாடி வைத்தவர்கள்தானே. அதனால் வருகிறேன் என்று சொல்லாமலே போனேன்.

குறை சொல்லக்கூடாது, துப்புரவான இடம். மலசலகூடத்தில் பிடித்து எழும்பக் கைபிடி இருந்தது, சாப்பாடும் நல்லது. ஒரு வயோதிபர் யன்னலோரம் சுருண்டு இருந்தார். இவர் ஆர் என்று அங்கே நின்ற பிள்ளையைக் கேட்டேன். “ஆறாம் கட்டில் ஐயா” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். ஊர் எது, என்ன வேலை செய்தவர் என்றும் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு அம்மா, தன் மகன் எப்போது வருவான் என்று கேட்டுக்கொண்டிருந்தா. நாளைக்கு வருவார் என்றாள் பிள்ளை. அந்த ‘நாளைக்கு’ நேற்றும் சொல்லப்பட்டிருக்கும் என்பது அந்த அம்மாவின் முகத்தில் தெரிந்தது. வரவு இடாப்பில் இலக்கம் கூப்பிடுகிற வகுப்புக்கும் பெயர் கூப்பிடுகிற வகுப்புக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது இடத்தைப் பற்றி எங்கள் பங்குச் சுவாமிதான் சொன்னார். தலைமன்னார் வீதியை விட்டுக் கொஞ்சம் உள்ளே, பனைகளுக்கு நடுவில் ஒரு பழைய நீளக் கட்டடம். ஓய்வுபெற்ற தாதி ஒருவர் நடத்துகிறா. மிஸ்ஸி என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். பூச்சாடி இல்லை. சுவரில் சுண்ணாம்பு உரிந்து கிடந்தது. குளியலறைப் படிக்குக் கைபிடியும் இல்லை. அதை அங்கேயே வைத்துச் சொன்னேன். மிஸ்ஸி முகம் சுளிக்கவில்லை, படியில் ஏறி இறங்கிப் பார்த்தா. அடுத்த கிழமை போனபோது கைபிடி பூட்டியிருந்தது. பிழை சொன்னால் கோபிக்காத பிள்ளை எப்படியும் பாஸ் பண்ணிவிடும், இல்லையா?

அங்கேயும் அதே கேள்வியைக் கேட்டேன். வாசலில் கிடந்த மர வாங்கில் தொப்பியோடு இருந்த ஒருவரைக் காட்டி, இவர் ஆர் என்றேன்.

“காதர் நானா. கொண்டச்சியில தோட்டம் செய்தவர்” என்றா மிஸ்ஸி. “தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போடோணும். பின்னால வந்து தொட்டால் கோவம் வரும், முன்னுக்கு வந்துதான் கதைக்கோணும். இப்ப முசலி பஸ்ஸுக்குப் பாத்துக்கொண்டிருக்கிறார்.”

“பஸ் வருமெண்டு சொல்லுறீங்களோ?” என்றேன்.

“நான் ஏன் சொல்லுறன்? பக்கத்தில இருந்து, முசலியில என்ன அலுவல் எண்டு கேட்பன். கதை சொல்லத் துவங்கினால் பஸ்ஸை மறந்திடுவார்.”

எனக்கு அந்தப் பதில் பிடித்துக்கொண்டது. இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள், டொக்டர் எப்போது வருவார், வேலிக்கு வெளியே ஒருவர் போனால் என்ன செய்வீர்கள் என்று இன்னும் பலதையும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் நல்ல பதில் கிடைக்கவில்லை. இரவுக்கு இன்னொரு ஆள் தேவை என்று அவவே ஒப்புக்கொண்டா. ஆள் வந்த பிறகுதான் மச்சானைக் கூட்டிப்போனேன்.

பயந்துகொண்டுதான் போனேன். வீட்டுக்குப் போவோம் என்று அழுவார், என்னைத் தேடுவார், கதவை உலுக்குவார் என்றெல்லாம் நினைத்தேன். நடந்தது வேறு.

உன் மனுசன் வாசலில் நின்று அந்த நீள மண்டபத்தைப் பார்த்தார். வரிசையாகக் கட்டில்கள், எல்லாம் ஆம்பிளையள். பின்னால் பெரிய சட்டியில் மீன்குழம்பு கொதிக்கிற வாசம். சோழகக் காற்றில் பனையோலை அடிக்கிற சத்தம், அதற்குள் கடலின் சத்தம். பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். கைலியை மடித்துக் கட்டினார். மிஸ்ஸியிடம் கேட்டார்: “இந்தமுறை ஆர் சமையல்?”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் வாடிக்கு வந்திருக்கிறார்.

உனக்குச் சொல்லத் தேவையில்லை, கூட இருந்து வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். தென்மேல் காற்றான சோழகம் வீசுகிற மாதங்களில் அரிப்புப் பக்கம் கடல் கொந்தளிக்கும். எங்கள் ஆட்கள் தீவின் வடகரைக்குப் போய், கொட்டில் போட்டு, ஒரே சட்டியில் சமைத்து, வரிசையாகப் படுத்து, அங்கிருந்தே தொழில் செய்வார்கள். அந்தக் கொட்டில்தான் வாடி. காற்று அடங்கினால்தான் வீடு. பெண்கள் ஊரில் இருப்பார்கள். மச்சான் எத்தனையோ சோழகம் அப்படிப் போனவர், அதுவும் மண்டாடியாக, தொழிலாட்கள் எல்லாருக்கும் தலைவராக.

பிலோ, வாடியில் ஒருவரும் பெண்சாதியைத் தேடுவதில்லை. அங்கே நீ இல்லாதது சரி. உன் வீட்டில் நீ இல்லாததுதான் அவருக்குப் பிழையாக இருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை “பிலோ எங்க” என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. நீ எங்கே என்று அவருக்குத் தெரியும். அரிப்பில், வீட்டில், கறிவேப்பிலைக்கு ஆட்டை விரட்டிக்கொண்டு இருக்கிறாய்.

இது பொய் இல்லையா என்று மிஸ்ஸியைக் கேட்டேன். “வாடி எண்டு நான் சொல்லேல்ல மாஸ்ரர். இல்லையெண்டும் சொல்லேல்ல. காத்து எப்ப மாறும் எண்டு அவர் கேட்டால், நீங்கள்தானே மண்டாடி, நீங்கள் சொல்லுங்கோ எண்டுவன்.” பொய் சொல்லாமலும் பிழை திருத்தாமலும் ஒரு மனிதரோடு இருக்கலாம் என்பது சிவப்புப் பேனையோடு காலம் தள்ளிய எனக்குப் புதுப் பாடம்.

என்ன, எனக்குத்தான் பதவி இறக்கம். வாடிக்கு மாஸ்ரர் எதற்கு வருகிறார்? அதனால் என்னை ஐஸ் லொறிக்காரன் ஆக்கிவிட்டார். முதல் மாதம் பழமும் பிஸ்கட்டும் கொண்டுபோனேன். காதர் நானாவோடு வாங்கில் இருந்த மச்சான் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஐஸ் எங்க தம்பி?”

என் தலைமயிர் முழுக்க வெள்ளை. ஆனால் தம்பி. ஐஸ் கொண்டுவரவில்லை என்றேன்.

“அப்ப இந்த வெய்யிலுக்க மீனை உன்ர தலையிலயோ வைக்கிறது?”

காதர் நானா தலையாட்டினார். “இந்த பஸ்ஸும் அப்படித்தான். சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் வராது.”

ஒருவர் வாடியில் இருக்கிறார், ஒருவர் பஸ்தரிப்பில் இருக்கிறார், இருவரும் ஒரே வாங்கில். இதுவரை சண்டை வந்ததில்லை. மச்சான் சமையலுக்கு மீன் வெட்டிக் கொடுக்கிறார், மிஸ்ஸி பக்கத்தில் நிற்க. மிஞ்சிய சாளை மீனுக்கு உப்புப் போட்டு முற்றத்தில் காயவைக்கிறார். காகம் கலைப்பது காதர் நானா, பஸ் வரும்வரை சும்மா இருக்கக்கூடாது என்று.

நிக்சன் போனில் சுவரைப் பார்த்துவிட்டுக் கவலைப்பட்டான். “மாமா, சுண்ணாம்பெல்லாம் உரிஞ்சு கிடக்கு. அந்த மற்ற இடமே நல்லம்போல.” நான் வாடிக் கதையைச் சொன்னேன்.

“அப்ப, அம்மா வீட்டில இருக்கிறா எண்டு நினைக்கிறாரோ?”

“ஓம் மகன்.”

“அப்ப அங்கயே இருக்கட்டும் மாமா” என்றான். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கனடாவில் குளிர் என்றான்.

ஆனாலும் எனக்குள் ஒரு பயம் இருந்தது. சோழகம் எப்போதுமா வீசும்? அவருக்கு என் பெயர் மறந்திருக்கலாம், காற்று மறக்கவில்லை. அது திரும்புகிற அன்றைக்கு எழும்பி வீட்டுக்குப் போகிறேன் என்று நின்றால்? நீ இல்லாத வீட்டுக்கு எப்படிக் கூட்டிவருவது? கூட்டிவரமாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

போன கிழமை மிஸ்ஸி போன் எடுத்தா. “மாஸ்ரர், காத்து மாறிட்டுது. உங்கட மச்சான் பை கட்டுறார்.”

முதல் பஸ்ஸைப் பிடித்தேன். மச்சான் வாங்கில் இருந்தார், பை மடியில். முகத்தை வடக்கே திருப்பி, கண்ணை மூடி, காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். மிஸ்ஸிதான் முன்னால் வந்து குந்தியிருந்து கேட்டா.

“வாடை துவங்கிட்டுதோ மண்டாடி?”

“துவங்கிட்டுது. பெடியளைப் போகச் சொல்லோணும்.”

“நீங்களும் போறீங்களோ?”

மச்சான் கதவுக்கூடாக உள்ளே பார்த்தார். ஒருவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஒருவருக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தார்கள்.

“நான் எப்பிடிப் போறது? எழும்பேலாத சனமெல்லாம் கிடக்கு. எல்லாரையும் அனுப்பிப்போட்டு மண்டாடி கடைசியாத்தான் போறது.”

பையை மிஸ்ஸியிடம் கொடுத்தார். “உள்ள வை பிள்ளை” என்றார். மிஸ்ஸி எழும்பிப்போகும்போது முகத்தைத் துடைத்தா. நானும்தான்.

அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பினார். பேப்பரில் சுற்றிய ஒரு பார்சலை நீட்டினார். சாளைக் கருவாடு. வாடியிலிருந்து ஊர்ப்பக்கம் போகிற லொறியில் வீட்டுக்கு ஏதாவது கொடுத்துவிடுவது வழக்கம்தானே.

“தம்பி, அரிப்பாலதானே போறாய்? இதை பிலோவிட்டக் குடு.”

“வீடு எது?” என்றேன்.

“மாஸ்ரற்ற தங்கச்சி வீடு எண்டு கேள். ஆரும் காட்டுவினம். மாஸ்ரர் நல்ல மனுசன், ஒரு தேத்தண்ணி தருவார்.” கொஞ்சம் யோசித்தார். “வாறன் எண்டு சொல்லு. ஆனா அவசரப்பட வேண்டாம் எண்டும் சொல்லு. இஞ்ச அலுவல் கிடக்கு.”

அவரைத் தெரியாத சனத்துக்குள் விடாதே என்றாய். அங்கே அவரை எல்லாருக்கும் தெரியும், பிலோ. என்னைத்தான் அவருக்குத் தெரியாது, அதுவும் என் முகத்தை மட்டும்.

கருவாட்டை நேற்றுப் பொரித்தேன். உப்புக் கூட. நீ இருந்திருந்தால் மூன்று வீட்டுக்குக் கேட்க ஏசியிருப்பாய். ஒன்றை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். ஆத்துமாக்கள் திருநாளன்று சேமக்காலையில் உன் கல்லறைக்கு வரும்போது கொண்டுவருவேன், பூனை எடுத்தால் என்னைக் கேட்காதே.

இரவுக்கு நிற்கிற ஆள் குறையாமல், கைபிடி ஆடாமல், அவரை ஒருவரும் கட்டில் இலக்கம் சொல்லிக் கூப்பிடாமல் பார்த்துக்கொள்வேன். முழங்கால் உள்ளவரை மாதாமாதம் போவேன். அடுத்தமுறை கட்டாயம் ஐஸ் கொண்டுபோவேன், கைப்பை முழுக்க உருகினாலும். அவர் தந்துவிடுகிற எதையும் வழியில் வைத்துவிடாமல் உன்னிடம் சேர்ப்பேன்.

இந்தமுறை சொல்லிவிட்ட செய்தியைச் சேர்த்துவிட்டேன். வருகிறாராம். அவசரப்பட வேண்டாமாம்.

உன் அண்ணன்,
வாடி லொறிக்காரன்.