உன் காலில் விழுந்த தணல்

மச்சான்,

போன கிழமை அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலில் ஒளுச் செய்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது, இடது கணுக்காலுக்குக் கீழே தோல் வெளிறியிருப்பதைக் கண்டேன். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். தண்ணீரில் ஊறியதாக்கும் என்று சாரன் நுனியால் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை. பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். சாரனை இறக்கிவிட்டு எழுந்து போனேன். அன்று தொழுகையில் என்ன ஓதினேன் என்று எனக்கே தெரியாது. உன் கால்தான் கண்ணுக்குள் நின்றது.

வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மனைவியின் தையல் ஊசியால் அந்த இடத்தில் குத்தினேன். வலித்தது. உண்மையிலேயே வலித்ததா, வலிக்க வேண்டுமென்று நான் ஆசைப்பட்டதால் வலித்ததா என்று சந்தேகம் வந்தது. மறுபடியும் குத்தினேன். பயம் பிடித்த பிறகு உடம்பு சொல்வதை நம்ப முடியவில்லை. ஏழு நாள் யாரிடமும் சொல்லாமல், வீட்டுக்குள்ளேயே காலுறை போட்டுக்கொண்டு திரிந்தேன்.

நீ மவுத்தாகி இரண்டு வருடம் ஆகிறது. உயிரோடு இருந்திருந்தால் உன்னிடம்தான் முதலில் காட்டியிருப்பேன். இல்லை, காட்டியிருக்க மாட்டேன். ஏனென்று கடைசியில் சொல்கிறேன்.

சவளக்கடையில் நம் இருவரின் வயலுக்கும் நடுவே ஒரு வரம்புதான். பெரும்போக விதைப்பு தொடங்கினால் கால் காய்வதே இல்லை. விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக ஊறி, தோல் உரிந்து, அரிப்புக் கடி தாங்காமல் வரம்பில் காலைத் தேய்த்துக்கொண்டு நிற்பாய். எனக்கும் அதே சேற்றுப்புண்தான். கோடை வந்தால் குதிகால் பிளந்துகொள்ளும். பாமசியில் ஒரு கிறீம் தருவார்கள். இரண்டு நாளில் கடி அடங்கும். அடுத்த மாதம் இன்னும் அகலமாகப் பரவும். மறுபடியும் அதையே வாங்குவோம். வயல்காரனின் கால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

அதனால்தான் உன் புறங்காலில் அந்த வெளிறல் வந்தபோது நீயும் பெரிதாக எடுக்கவில்லை. ஒருநாள் வயல் வாடிக் குடிசையில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டு அடுப்பருகே இருந்தோம். நீ சாரனை உயர்த்திக் காலை நீட்டினாய்.

"மச்சான், இஞ்ச பாரு. இது கடிக்கவுமில்ல, நோகவுமில்ல. என்னெண்டு விளங்குதில்ல."

அந்த நேரம் அடுப்பில் விறகு வெடித்தது. ஒரு துண்டுத் தணல் பறந்து வந்து சரியாக அந்த வெளிறிய இடத்தில் விழுந்தது. நீ அதைக் காணவில்லை. என் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். தோல் பொசுங்கும் வாசனை எனக்கு வந்தது. நீ காலை இழுக்கவில்லை. நான்தான் குச்சியால் தணலைத் தட்டிவிட்டேன். தூசி தட்டுகிறேன் என்று நீ நினைத்திருப்பாய்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு மனிதர் இருந்தார். விரல்கள் குறைந்த கை. அவருக்கென்று தனிக் கோப்பை. சோற்றைத் தூரத்தில் வைத்துவிட்டு வருவார்கள். அவர் வந்தால் நாங்கள் ஓடுவோம். அந்த நோயின் பெயரை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த மனிதர் என் கண்முன் வந்து நின்றார். நானும் நீயும் எத்தனை வருடமாக ஒரே கோப்பையில் தேநீர் குடிக்கிறோம் என்று மனம் கணக்குப் பார்த்தது.

"தேமல்டா. கிறீம் ஒண்டு பூசு, போயிடும்" என்றேன்.

"அப்படித்தான் நானும் நினைச்சன்" என்று சிரித்தாய்.

உன் மகளை என் தங்கையின் மகனுக்குப் பேசி வைத்திருந்த நேரம் அது. நோயைச் சொன்னால் கலியாணம் குழம்பிவிடும், அதனால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அந்த வார்த்தையைச் சொன்னால் அது என்னையும் பிடித்துக்கொள்ளும் என்று நடுங்கினேன். அதற்குப் பிறகு வாடிக்கு எனக்கென்று ஒரு கோப்பை கொண்டுவந்தேன். ஒரு கலியாண வீட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சஹனில் உன் பக்கத்தில் இடம் இருந்தது. கையால் தட்டிக் கூப்பிட்டாய். நான் காணாதவன் போல வேறு சஹனில் போய் இருந்தேன்.

ஏழு மாதம் கழித்து, அறுவடை நாளில், செருப்பைத் துளைத்துக்கொண்டு ஓர் ஆணி உன் பாதத்தில் ஏறியது. அது தெரியாமலேயே பின்னேரம் வரை நடந்தாய். வீட்டுத் தரையில் இரத்த அடையாளத்தைக் கண்டவள் உன் மகள். மறுநாள் காலையே உன்னை ஆசுபத்திரித் தோல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தொழுநோய் என்று சொன்னார்கள். மாப்பிள்ளையிடமும் அவளே நேரில் போய்ச் சொன்னாள். குளிசை விழுங்கினால் மாறும் வருத்தத்துக்கு எதற்குக் கலியாணத்தை நிறுத்த வேண்டும் என்று அவன் கேட்டானாம்.

பன்னிரண்டு மாதம் குளிசை. இலவசம், மாதம் ஓர் அட்டை. அந்தக் குளிசையால் உன் முகம் கறுத்தது. வெயில் என்று ஊர் நினைத்தது. குளிசை தொடங்கினால் அது மற்றவருக்குத் தொற்றாது என்று டொக்டர் சொன்னதை என்னிடம் வந்து சொன்னாய். ஆனால் அதற்கு முன்பு நெருங்கிப் பழகியவர்கள் ஒருமுறை காட்ட வேண்டும், சிலரிடம் வருடக்கணக்கில் தெரியாமல் இருக்குமாம் என்றும் சொன்னாய். நான் காட்டிவிட்டேன் என்று சொன்னேன். அது இரண்டாவது பொய். நான் போகவேயில்லை.

நோய் மாறியது. ஆனால் செத்த நரம்பு திரும்பவில்லை. இடது கால் விரல்கள் உள்ளே மடங்கிவிட்டன. தினமும் காலைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் பூசி, கண்ணாடியைக் கீழே பிடித்துப் பாதத்தில் வெட்டுக்காயம் இருக்கிறதா என்று பார்ப்பாய். மென்மையான செருப்பில்லாமல் வாசலுக்கும் இறங்கமாட்டாய். இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருந்தால் விரல்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னாராம். அதையும் கோபமில்லாமல்தான் சொன்னாய்.

உன் மகளின் கலியாணத்தில் சஹனுக்கு என்னைத்தான் முதலில் கூப்பிட்டாய். வந்து இருந்தேன். எடுத்த பிடி சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்தேன். நீ குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாய்.

"பயப்படாமத் தின்னு மச்சான். ஒண்டும் தொத்தாது."

என் தனிக் கோப்பையை நீ எப்போதோ கவனித்திருக்கிறாய்.

நேற்று நானும் அதே கிளினிக்குக்குப் போனேன். முறை வரும்வரை வாங்கில் உட்கார்ந்திருந்தபோது இரண்டு தடவை எழுந்து வெளியே போய் வந்தேன். உள்ளே இளம் பெண் டொக்டர். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் காலில் அங்கும் இங்கும் தொட்டார். ஒவ்வொரு தடவையும் தொட்ட இடத்தைச் சொன்னேன். வெளிறிய இடத்தைத் தொடுவாரே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, அங்கதான் இப்ப மூணு தரம் தொட்டன். மூணும் சரியாச் சொல்லிட்டீங்க" என்றார்.

பாமசிக் கிறீமை வருடக்கணக்கில் பூசியதில் தோல் வெளுத்திருக்கிறதாம். அதில் கலந்திருக்கும் மருந்து கடியை அடக்கி, பூஞ்சணத்தை உள்ளே வளரவிடுமாம். அதை நிறுத்தச் சொன்னார். விரல் இடுக்கை நன்றாகத் துடைத்து உலர்த்தி, அவர் எழுதித் தந்ததைப் பூச வேண்டும். கடி நின்ற பிறகும் இரண்டு கிழமை விடாமல் பூசவேண்டுமாம். எனக்கு இரத்தத்தில் சீனி வருத்தம் இருப்பதால் தினமும் பாதத்தைப் பார்க்கவும் சொன்னார். வெளியே வந்து மதிலோடு சாய்ந்து நின்று அழுதேன். எனக்கு அது இல்லை என்று சந்தோஷப்பட்டு அழுதேன். உனக்கு முன்னால் அப்படி அழுதிருக்க முடியுமா?

தணல் விழுந்ததை நான் கண்டேன், மச்சான். நீ காலை இழுக்காததையும் கண்டேன். அது தேமல் இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். சஹனில் இருந்தபோது சொல்லியிருக்கலாம். வேறு வருத்தத்தில் ஆசுபத்திரியில் கிடந்த உன்னைக் கடைசியாகப் பார்த்தபோதும் சொல்லியிருக்கலாம். நீ கோப்பையை மன்னித்தாய். தணலைப் பற்றி உனக்குத் தெரியாது. என் காலை உன்னிடம் காட்டியிருந்தால் அதையும் சொல்லவேண்டி வந்திருக்கும். அந்த ஏழு மாதமும் நான் உன்னிடமிருந்து எடுத்தவை. இதை உன் மகளிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லும் நாளை நினைத்தால் கிளினிக் வாங்கில் இருந்ததைவிட அதிகமாகப் பயப்படுகிறேன்.