பிடுங்கிய பிளக்

ஓரெஸ்ட்,

புதன்கிழமை காலை பக்கத்துப் பண்ணை வால்டர் வீடுவரை பனியில் நடந்ததில் கால்விரல்கள் இன்னும் மரத்துப்போய்த்தான் இருக்கின்றன.

அப்பாவை அடக்கம் செய்யக் கிளம்புகிறேன். பீட்ரூட் சூப் அடுப்பில் இருக்கிறது. நீ பிடித்துவந்த மீனை நீயே கழுவிக்கொள்.

செவ்வாய் சாயங்காலம், வாசலில் இருக்கும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து என் காரின் எஞ்சின் குளிரில் உறையாமல் ராத்திரி முழுக்கச் சூடாக வைக்கும் ஹீட்டரைப் பிடுங்கிவிட்டு, உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போவதற்காக உன் டிரக்குக்குச் செருகினாய். கேட்டதற்கு, “ஒரு ராத்திரிதானேடி, உன் கார் அதுபாட்டுக்குக் கிளம்பும்” என்றாய். காலையில் ஆஸ்பத்திரியில் கிடக்கும் அப்பாவிடம் போகக் கிளம்பினால், மைனஸ் நாற்பதில் அது முனகக்கூட இல்லை. வால்டர் என்னை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டபோது அப்பாவின் கட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

மரூசியா

பி.கு. விடிந்த பிறகும் என்னைத்தான் கேட்டாராம், நர்ஸ் சொன்னாள். அவரிடம் கடைசியாகப் பேசவேண்டிய ஒரு மணி நேரம், நீ எனக்குத் தரவேண்டிய பாக்கி.