கிளச் எங்கே போகிறது?

1939 பிப்ரவரி 20, திங்கள்

கார் மவுண்ட் ரோடு கம்பெனியிலிருந்து வந்துவிட்டது. கூடவே பில். புதுக் கிளச் தட்டு, பூட்டிய கூலி, எண்ணெய், ஓட்டிப் பார்த்த பெட்ரோல், துடைத்த பஞ்சு. பஞ்சுக்குக்கூடவா பணம்! பிரசவத்துக்குப் போகிற இடத்தில் நான் பஞ்சுக்குத் தனியாகக் கேட்கிறேனா?

போன ஜூனில்தான் கிளச் மாற்றினார்கள். அதற்குள் தேய்ந்துவிட்டதாம். "உங்க டாக்டரம்மா மலை ஏறுறாங்களான்னு போர்மன் கேட்டாரும்மா" என்று டிரைவர் துலுக்கானம் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலை ஏறுகிற காருக்குத்தான் கிளச் இவ்வளவு சீக்கிரம் தேயுமாம். பூந்தமல்லியில் என் டிஸ்பென்சரி. அங்கிருந்து ஆவடி, சேக்காடு, வெள்ளானூர். இதில் மலை எங்கே வந்தது? பரங்கிமலை அடிவாரத்தைக்கூட இந்தக் கார் பார்த்ததில்லை.

மாற்றாமலேயே மாற்றினேன் என்று எழுதினால் எனக்கு எப்படித் தெரியும்? கிளச் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் எங்கேயோ உள்ளே கிடக்கிறது. வயிற்றைத் திறந்து பார்க்கிற மாதிரிதான்.

மார்ச் 3

கிரீஸ் போடக் கார் கம்பெனிக்குப் போகிறது. போகுமுன் பாட்டரிக்கு அடியில், டைனமோவின் பின்பக்கம், மாற்றுச் சக்கரத்தின் உள்பக்கம் எல்லாவற்றிலும் ஊதா மருந்தால் ஒரு பொட்டு வைத்தேன். புண்ணுக்குப் போடுகிற மருந்து. லேசில் போகாது. எதையாவது எடுத்துவிட்டுப் பழையதை வைத்தால் தெரிந்துவிடும். துலுக்கானத்துக்குக்கூடச் சொல்லவில்லை.

மார்ச் 5

பொட்டெல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறது.

சரி, இந்தத் தடவை கை வைக்கவில்லை. அதனால் எப்போதும் வைப்பதில்லை என்று ஆகிவிடுமா?

மே 22

வைகாசி பிறந்ததிலிருந்து காருக்கு ஓய்வில்லை. மூன்று வீட்டில் மாப்பிள்ளை ஊர்கோலத்துக்குக் கேட்டுவிட்டார்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் மேல்கூரையை மடக்கிவிடுகிற கார் என்னுடையது ஒன்றுதான். மாலையும் கையுமாக உட்கார்ந்தால் மாப்பிள்ளை ஊருக்கே தெரிவார்.

இல்லை என்று சொல்ல எனக்கு வாயில்லை. முதல் வருடம் வெள்ளானூரில் ஒரு வீட்டிலும் என்னை வாசற்படி ஏற்றவில்லை. கிறிஸ்தவ வேதக்காரி, தொட்டால் தீட்டு. கோதண்டம் என்று அங்கே பெரிய விவசாயி. அவர் மூத்த மகன் கல்யாணத்துக்குக் கார் கொடுத்தேன். அடுத்த வருடம் அந்த மருமகளுக்கு வலி கண்டபோது என்னைத்தான் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகுதான் மற்ற வீடுகளும் திறந்தன. கார் போன வீட்டுக்குள் நானும் போகிறேன்.

ஊர்கோலத்தைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. மேளக்காரர் பின்னால் நடக்கிற வேகத்தில் போகிற காருக்கு என்ன வந்துவிடப் போகிறது? "மெதுவாப் போ, துலுக்கானம்" என்று மட்டும் சொல்லி அனுப்புவேன். "எறும்பு கூட நம்மளத் தாண்டிக்கினு பூடும்மா" என்பான்.

இன்று அவன் பெண்டாட்டி முத்தம்மாள் சேக்காட்டிலிருந்து வந்திருந்தாள். நான்காம் மாதம். இதற்கு முன் இரண்டு பிறந்தன, இரண்டும் பிறந்த அன்றே போய்விட்டன. இரண்டுக்கும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. "இந்தத் தபா நீ பக்கத்துல இருப்பியாம்மா?" என்று கேட்டாள். இருப்பேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஜூன் 12

ரத்தச் சேலையை இப்போதுதான் நனைத்துப் போட்டேன்.

வெள்ளானூருக்கு அவசரமாகக் கூப்பிட்டார்கள். ஆவடி தாண்டியதும் எஞ்சின் கத்துகிறது, கார் நகர மாட்டேன் என்கிறது. கருகல் நாற்றம். வழியில் வந்த மாட்டு வண்டியில் ஏறிப் போய்ச் சேர்ந்தால், பிள்ளை பிறந்து, தாய் ரத்தத்தில் கிடக்கிறாள். பிழைத்தது கர்த்தர் கிருபை. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால்?

பிப்ரவரியில் போட்ட புதுத் தட்டு ஜூனில் கருகுகிறது என்றால் அது புதுத் தட்டே இல்லை. பழையதையே பூட்டியிருக்கிறார்கள். புதியது எங்கேயோ விலை போயிருக்கிறது. யார் கையால்?

ஜூன் 15

கம்பெனிக்கு நானே போனேன். போர்மன் மறுபடியும் மலையைப் பற்றிக் கேட்டார். இன்னொரு புதுத் தட்டுக்குப் பணத்தைக் கட்டினேன். வெளியே வந்தால் டீக்கடை வாசலில் துலுக்கானமும் கம்பெனி பிட்டரும் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த பிட்டர் அவனுக்கு மச்சான் முறையாம்! இத்தனை நாளில் ஒரு வார்த்தை சொன்னானா?

கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. நான்தான் கம்பெனியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 17

கேட்டுவிட்டேன்.

"பிட்டர் உன் சொந்தம்னு ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலியேம்மா. ஆவடியில யாரு யாருக்கு சொந்தம் இல்ல?"

"புதுத் தட்டை எவ்வளவுக்கு வித்தீங்க?"

இடுப்பில் கல்யாண வீட்டில் கொடுத்த சரிகை வேட்டி. "இன்னா வார்த்தைம்மா இது" என்று மட்டும் சொன்னான். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

குற்றமில்லாதவன் என்றால் சத்தம் போட்டிருக்க மாட்டானா?

ஜூன் 24

பஸ் முதலாளி பரந்தாமன் வந்தார். துலுக்கானம் அவரிடம் வேலை கேட்டிருக்கிறான். "ஆளு எப்டிம்மா?" என்றார். ஓட்டுவது நன்றாக ஓட்டுவான், கை சுத்தமில்லை என்றேன். ஒரு வண்டி நிறைய ஜனங்களை நம்பி ஒப்படைக்கப் போகிறவர் அவர். எப்படிச் சொல்லாமல் இருப்பது?

ஜூலை 9, ஞாயிறு

இனி கம்பெனியும் வேண்டாம், டிரைவரும் வேண்டாம். காரை எனக்கு விற்றுவிட்டுச் சீமைக்குப் போன வெள்ளைக்காரத் துரைசாணி ஓட்டவும் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். ஊர் பேசுமே என்று இத்தனை நாள் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பேசட்டும்.

கோயிலுக்குப் போய்வந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காருக்கு அடியில் மல்லாந்து படுத்து எண்ணெய் மாற்றினேன். பாதி தரையில், பாதி என் தலையில். சமையற்கார சகாயமேரி தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னாம்மா கோலம் இது? இதுக்கா டாக்டருக்குப் படிச்சே?"

கம்பெனியில் கொடுப்பதில் கால் பங்குகூட ஆகவில்லை. பஞ்சு என் வீட்டுப் பஞ்சு.

ஆகஸ்ட் 10

ஆடிக் காற்று ரோட்டுப் புழுதியையெல்லாம் எஞ்சினுக்குள் கொண்டுவந்து கொட்டுகிறது. தினமும் துடைக்கிறேன். பிளக்கைக் கழற்றிச் சுரண்டுகிறேன். ஒரு மாதமாகக் காருக்கு ஒரு தும்மல்கூட இல்லை. நானே பார்ப்பதால்தான். இவ்வளவு நாள் எப்படியெல்லாம் ஏமாந்திருக்கிறேன்!

முத்தம்மாள் இந்த மாதமும் வரவில்லை. சகாயமேரியை அனுப்பினேன். கதவைத் திறக்கவில்லையாம். வீம்பு. வயிற்றில் இருக்கிறதை நினைக்க வேண்டாமா?

ஆகஸ்ட் 24, வியாழன்

எப்படி எழுதுவது?

நேற்று கோதண்டத்தின் இளைய மகனுக்கு ஊர்கோலம். கார் கேட்டார்கள். வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டேன், நானே ஓட்டுகிறேன் என்றேன். பொம்பிளை ஓட்ட மாப்பிள்ளை போவதா என்று முதலில் முணுமுணுத்தார்கள், அப்புறம் அதுவே வேடிக்கையாகிவிட்டது. மாப்பிள்ளையைவிட என்னைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள்.

நாயனக்காரர் பத்தடி நடப்பார், நின்று வாசிப்பார். நானும் பத்தடி போவேன், நிற்பேன். கிளச்சிலிருந்து காலை முழுக்க எடுத்தால் கார் அவர் முதுகில் போய் இடிக்கும். முழுக்க அழுத்தினால் நின்றுவிடும். பாதியில் பிடித்தபடியே இருக்க வேண்டும். வீட்டுக்கு வீடு ஆரத்தி. இடது கால் வெடவெடவென்று நடுங்கிற்று. இரண்டாவது தெரு திரும்பும்போது அந்த நாற்றம் வந்தது. கருகல் நாற்றம். ஜூனில் வந்த அதே நாற்றம், என் காலுக்கு அடியிலிருந்து.

யாரும் திருடவில்லை. தட்டு உள்ளேதான் இருந்தது. நான் அதை எரித்துக்கொண்டிருந்தேன்.

தை மாசம் கல்யாணம். வைகாசியில கல்யாணம். ஆடியில எவன் கல்யாணம் வெப்பான்? அதான் ஒரு மாசம் வண்டி ஓடிச்சு. நான் துடைச்சதால இல்லை. என் புத்தி எங்க போச்சு?

ஆகஸ்ட் 28

போர்மனிடம் கேட்டேன். நடக்கிற வேகத்தில் மூன்று மணி நேரம் போனால் என்ன ஆகும்? சிரித்துவிட்டார். "அதற்கு ஊட்டிக்கே ஏறிவிட்டு வந்திருக்கலாம், டாக்டர்." பாதி அழுத்திய கிளச் வழுக்கி வழுக்கிக் கருகுமாம். முன்பே கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பாராம். ஊர்கோலம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. மெதுவாகப் போனால் கார் கெடும் என்பது துலுக்கானத்துக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பஞ்சுக்குப் பணம் வாங்குவது மட்டும் இன்னமும் எனக்குச் சரியாகப் படவில்லை.

செப்டம்பர் 4

யுத்தம் வந்துவிட்டது என்று பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். நான் சேக்காட்டுக்குப் போனேன். துலுக்கானம் இல்லை. பரந்தாமன் வேலை தரவில்லை. அவர் சொல்லி மற்ற பஸ்காரர்களும் தரவில்லை. பெங்களூருக்குப் போய்ப் பட்டாளத்து லாரி ஓட்டச் சேர்ந்துவிட்டானாம். அவன் தாய் நாகம்மாள் வாசலிலேயே நிறுத்திச் சொன்னாள். உள்ளேயிருந்து முத்தம்மாள் குரல்: "யாரு வந்தாலும் அனுப்பிடு அத்தே."

அக்டோபர் 19

விடியற்காலையில் நாகம்மாள் அனுப்பிய ஆள் வந்தான். நேற்று மாலையிலிருந்து வலி, பிள்ளையின் கால் முன்னால் தெரிகிறது. காரை விரட்டிக்கொண்டு போனேன்.

வாசலில் தெருப் பெண்கள் கூடியிருந்தார்கள். உள்ளே கால் வைக்குமுன் முத்தம்மாள் கத்தினாள். "நான் கூப்புடல! அத்தே கூப்புட்டாங்க!" பல்லைக் கடித்து ஒரு வலியை விழுங்கினாள். "அவரு திருடலன்னு சொல்லு. அங்கியே நின்னு, அல்லாருக்கும் கேக்கறாப்பல சொல்லு. அப்பால உள்ள வா."

கால் முன்னால் வந்த பிள்ளைக்கு நேரம் கிடையாது. அது அவளுக்கும் தெரியும். இரண்டு பறிகொடுத்தவள். தெரிந்துதான் கேட்டாள்.

தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றேன். துலுக்கானம் திருடவில்லை, ஊர்கோலத்தில் மெதுவாக ஓட்டியதால் கார் கெட்டது, தப்பு என்னுடையது என்று கத்தினேன். சின்ன வயதில் கோயிலில் வசனம் ஒப்பித்ததற்குப் பிறகு இவ்வளவு பேர் முன்னால் நான் வாய் திறந்ததில்லை.

பெண் குழந்தை. அழ நேரமாயிற்று. வாயில் ஊதினேன், முதுகைத் தேய்த்தேன், முத்தம்மாள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அழுதது. நானும் அழுதேன்.

நவம்பர் 2

யாரும் நம்பவில்லை!

சகாயமேரி மார்க்கெட்டில் கேட்டுவிட்டு வந்தாள். பிரசவத்துக்குப் போன இடத்தில் டாக்டரம்மாவை மிரட்டிச் சொல்லவைத்துவிட்டார்களாம். "மெதுவாப் போனா வண்டி கெடுமான்னு சிரிக்கிறாங்கம்மா. ஒளறினாலும் பொருந்த ஒளறக் கூடாதான்னு கேக்கறாங்க." பரந்தாமனிடம் போனேன். பஸ் நடத்துகிறவராயிற்றே, புரியும் என்று நினைத்தேன். அவர் பஸ் எப்போது ஊர்கோலம் போயிருக்கிறது? "நல்ல மனசும்மா உங்களுக்கு. புள்ளத்தாச்சிக்காக சொன்னீங்க. விடுங்க" என்றார்.

அவன் திருடன் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னேன், கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். இல்லை என்று தொண்டை கிழியக் கத்தினாலும் ஏன் சொல்கிறாள், எதற்காகச் சொல்கிறாள் என்று துருவுகிறார்கள். இவர்களைத் திட்ட எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

நவம்பர் 30, வியாழன்

செப்டம்பரில் போட்ட கிளச். நல்ல தட்டு. அதைப் போட்ட பிறகு ஓர் ஊர்கோலத்துக்கும் கார் கொடுக்கவில்லை, கோதண்டம் வீட்டில் கோபம்.

முத்தம்மாளுக்குத் தீட்டுக் கழிந்துவிட்டது. இன்று மத்தியானம் பரந்தாமனை வலுக்கட்டாயமாகப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு சேக்காட்டுக்குப் போனேன். மேல்கூரையை மடக்கினேன். முத்தம்மாளைக் குழந்தையோடு முன்சீட்டில் உட்காரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்து ஏறினாள்.

நடக்கிற வேகம். மேளம் இல்லை, தெருப் பிள்ளைகளின் கூச்சல்தான். கை பிரேக்கையும் கொஞ்சம் பிடித்துக்கொண்டேன், தட்டு சீக்கிரம் கருகட்டும் என்று. தெருக்கோடி வரை போய்த் திரும்பினோம், மறுபடியும் போனோம். மூன்றாம் தடவை நாற்றம் கிளம்பிற்று. விடவில்லை. கால் பலகை இடுக்கிலிருந்து புகை வந்தது. குழந்தை தும்மிற்று. வாசல்களில் நின்ற பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள்.

"போதும்மா! நிறுத்தும்மா! நல்ல தட்டும்மா அது!" பரந்தாமன் எழுந்தே நின்றுவிட்டார். நான் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. எஞ்சின் கத்திற்று, கார் நகரவில்லை.

அவர் இறங்கி, குனிந்து, முகர்ந்து பார்த்தார். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி, "இதுக்கா அந்தப் புள்ளயத் திருடன்னு சொன்னே?" என்றார். என்னை அவர் நீ என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

"ஆமாம்" என்றேன்.

"லீவுல வந்தா எங்கிட்ட அனுப்பு, பொண்ணே" என்று முத்தம்மாளிடம் சொன்னார். "வரட்டும். அவரு இஷ்டம்" என்றாள் அவள்.

அவள் இறங்கிய பிறகும் நான் ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். இடது கால் மரத்துப்போயிருந்தது. முத்தம்மாள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"வண்டி இனிமே ஓடாதா?"

"ஓடாது."

"ஊட்டுக்கு எப்டிப் போவே?"

"நடந்துதான்."

"வெயில் கீது" என்றாள். "உள்ள வந்து குந்து."

போய் உட்கார்ந்தேன். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.