உடைந்த கம்பியும் உன் தம்பியும்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று வழக்கம்போல எழுதக் கை வரவில்லை, மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம் என்பதை மட்டும் முதலில் தெரிந்துகொண்டு மேலே படி. உன் தம்பி மாடிப்படியில் வழுக்கி விழுந்து தாடையை உடைத்துக்கொண்டான் என்று அம்மா போனில் சொன்னாளாம், நீயும் நம்பிவிட்டாயாம். நம் வீட்டுக்கு ஏது மாடிப்படி என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா, இவ்வளவு படித்து என்ன பிரயோஜனம். நீ தூர தேசத்தில் தனியாக உட்கார்ந்து கலங்குவாய் என்று மறைக்கிறாள். நான் மறைக்க மாட்டேன். உன் படிப்போடு எனக்கு ஒரு சண்டையும் பாக்கி இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பட்டறையில் நான் சுருண்டு விழுந்த வருஷம் என் நெஞ்சில் அந்த மெஷினை வைத்தார்களே, இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து இரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குள் ஒரு கம்பி, இதயம் தறிகெட்டு ஓடினால் ஷாக் அடித்து நிறுத்தும் என்று நீதான் படம் போட்டு விளக்கினாய். இடது கையை ஓங்கி வேலை செய்யாதீங்க, கம்பி தேயும் என்று டாக்டர் சொன்னார். நான் இடக்கை டிங்கர். நசுங்கிப்போன வண்டிக் கதவை வலது கையால் தடவிக்கொடுத்தா நிமிர்த்த முடியும்? அதனால் அவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன வாரம் ஒரு நாள் காலையில் உன் தம்பி என் சுத்தியலை எடுத்து ஒளித்துவைத்துவிட்டான். கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிறவனுக்குச் சுத்தியலைப் பற்றி என்ன தெரியும் என்று எனக்கு வந்ததே கோபம், அதே சுத்தியலால உன் மண்டையைப் பிளக்கிறேன் பாருடா என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். கடைசியில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் இருந்து நானே கண்டுபிடித்தேன்.

ஒரு பம்பரை நிமிர்த்தக் கையை ஓங்கினேன், அவ்வளவுதான். யாரோ பின்னால் வந்து இரும்புத் தூணால் நெஞ்சு அதிர இடித்த மாதிரி ஒரு அடி. வாங்கின அடியைத் திருப்பிக் கொடுக்காமல் விட்டவனா உன் அப்பன், திரும்பிப் பார்க்காமலே சுத்தியலை வீசினேன், பின்னால் நின்ற வண்டியின் முன்கண்ணாடி சில்லுச் சில்லாகக் கொட்டியது. அங்கே ஆள் இல்லை. அடுத்த அடி விழுந்தபோதுதான் அடிக்கிறவன் உள்ளே இருக்கிறான் என்று புரிந்தது. தரையில் விழுந்தேன், நாக்கைக் கடித்துவிட்டேன், வாயெல்லாம் ரத்தம். மறுபடி, மறுபடி. அந்த மெஷினை நான் டேய் போட்டுத்தான் கூப்பிடுவேன் என்று உனக்குத் தெரியும், ராத்திரி படுக்கும்போதுகூட சும்மா கெடடா என்று சொல்லிவிட்டுத்தான் படுப்பேன். அந்த வாய்ப்பழக்கத்தில், டேய் அடிக்காதடா, கொன்னுடாதடா என்று அலறியிருக்கிறேன். அந்த ஒரு டேய்தான் உன் தம்பியைக் கொல்லப் பார்த்தது.

அவன் பட்டறைக்குப் பின்னாலிருக்கும் வீட்டுக்குள் ஓடி, நீ அனுப்பிய வளையக் காந்தத்தைப் பிரிட்ஜ் கதவிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தான். மெஷின் காரணமில்லாமல் அடித்தால் காந்தத்தை அதன் மேலே வைத்து அழுத்து, வைத்திருக்கிறவரை அடிக்காது, எடுத்தால் மறுபடி அடிக்கும் என்று நீ சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்து மறக்காமல் வைத்திருந்தான். நான் துள்ளித் துள்ளி விழுந்ததால் என் சட்டையைக் கிழித்து, வயிற்றில் முழங்காலை ஊன்றி, காந்தத்தை நெஞ்சோடு வைத்து அழுத்தினான். அடி நின்றது. மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து இறைச்சிக்கடைக்காரரும் எதிர்வீட்டு லாரி டிரைவரும் பாதி இறக்கியிருந்த பட்டறை ஷட்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். காலையில் மண்டையைப் பிளக்கிற சண்டையைக் கேட்டவர்கள். இப்போது அடிக்காதடா என்ற அலறலைக் கேட்டவர்கள். கண்ணால் பார்த்தது, வாயில் ரத்தத்தோடு அப்பன் கீழே, மார்பில் எதையோ வைத்து அமுக்கிக்கொண்டு மகன் மேலே. பெத்தவனையாடா கொல்றே என்று டிரைவர் அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தூக்கி எறிந்தான், காந்தம் உருண்டு ஓடியது, உள்ளே இருந்தவன் மறுபடி என்னை அடித்தான். நான் மறுபடி டேய் என்று அலறினேன். நான் அலற அலற உன் தம்பிக்கு அடி கூடியது. பூட்ஸ் காலால் முகத்தில் ஒரு உதை, தாடை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது, நான் தகடு உடைகிற சத்தத்தில் பிழைக்கிறவன், தெரியாமல் போகுமா.

அவன் திருப்பி அடிக்கவில்லை. நாலு காலில் தவழ்ந்து போய்க் காந்தத்தை எடுத்து, என் மேலே குப்புறப் படுத்துக்கொண்டான். உள்ளங்கைக்கும் என் நெஞ்சுக்கும் நடுவில் காந்தம். டிரைவர் வீல் ஸ்பேனரால் அவன் முதுகில் அடித்தான். ஒவ்வொரு அடியும் அவன் உடம்பைத் தாண்டி எனக்குள் வந்தது. தடுக்கக் கையைத் தூக்கினால் காந்தம் நகரும், நகர்ந்தால் எனக்கு அடி விழும், அதனால் அவன் கையைத் தூக்கவே இல்லை. நிறுத்துங்கடா பாவிகளா என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, என் ஆயுளில் நான் வாயடைத்துப்போனது அந்த ஒரு தடவைதான். கடைசியில் இறைச்சிக்கடைக்காரர் என்னை உருவி எடுக்க இரண்டு தோளையும் பிடித்து இழுத்தார், காந்தம் விலகியது, யாருமே அடிக்காமல் என் உடம்பு துள்ளியதைக் கண்ணால் பார்த்தார், அவர் கையிலும் சுள்ளென்று இழுத்திருக்கிறது. அப்படியே பின்னால் உட்கார்ந்துவிட்டார். ஐயையோ, இது இவன் இல்லப்பா, கரண்ட்டுப்பா என்று அவர் கத்தின பிறகுதான் ஸ்பேனர் கீழே விழுந்தது. கடைக்குப் போயிருந்த உன் அம்மா திரும்பி வந்து பார்த்த கோலத்தை நான் எழுதப்போவதில்லை.

இப்போது உன் தம்பி எலும்பு வார்டில், நான் இதய வார்டில். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், கஞ்சியை உறிஞ்சுகிறான். இறைச்சிக்கடைக்காரர் தினமும் வந்து வாசலிலேயே நின்று அழுதுவிட்டுப் போகிறார். டிரைவர் தலைமறைவு. அவன் கையில் கிடைத்தால் அந்த ஸ்பேனரை அவன் விலாவில் நிமிர்த்துவேன் என்று சொன்னேன், அம்மா என் வாயைப் பொத்தினாள். புகார் வேண்டாம் என்று தம்பி எழுதிக் காட்டிவிட்டானாம்.

இனி நம் சண்டைக்கு வருகிறேன். அன்றைக்கு என் இதயத்துக்கு ஒன்றுமே இல்லையாம் மகளே. ஒழுங்காகத் துடித்துக்கொண்டிருந்ததாம். என் தோளில் தேய்ந்து கம்பி விரிசல் விட்டு, அது கரகரத்ததை மெஷின் இதயம் தறிகெட்டதாக எடுத்துக்கொண்டதாம். சத்தம் கேட்டதும் விசாரிக்காமல் அடித்திருக்கிறது, டிரைவருக்கும் அதற்கும் ஒரே மூளை. நீ வேலை செய்யும் இடத்தில் இந்த மாதிரிக் கம்பியை மாட்டி லட்சக்கணக்கான தடவை வளைத்துப் பார்க்கிறீர்கள் என்றாயே, எந்தத் தோளை மனதில் வைத்து வளைக்கிறீர்கள்? நாற்காலியில் உட்கார்ந்து பேனா பிடிக்கிறவன் தோளையா? ஒரு இடக்கை டிங்கரின் தோளைச் செய்து மாட்டு, அப்புறம் எத்தனை நாள் தாங்குகிறது என்று சொல்.

நீ சொன்ன புது மெஷினைத்தான் டாக்டரும் சொல்கிறார். கம்பி இரத்தக் குழாய்க்குள் போகாதாம், நெஞ்செலும்புக்குப் பின்னால் இதயத்துக்கு வெளியே கிடக்குமாம், பெட்டி அக்குளுக்குக் கீழே. கரகரப்பையும் துடிப்பையும் பிரித்துப் பார்க்கப் புதிதாகக் கணக்கு வைத்திருக்கிறார்களாம். நிஜமாகவே தறிகெட்டாலும் எடுத்த எடுப்பில் அடிக்காமல் முதலில் மெதுவாகத் தட்டிப் பார்க்குமாம். எல்லாம் சரி, பழைய கம்பியை வெளியே எடுக்க வேண்டுமே. அது சதையோடு ஒட்டி வளர்ந்துவிட்டது, துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றுகிற மாதிரிதான், லேசரால் சுரண்டிச் சுரண்டி இழுப்பார்களாம், குழாய் கிழிந்தால் மேஜையிலேயே போய்விடலாமாம். வேண்டவே வேண்டாம், இருக்கிறதை அணைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்புங்கள், மறுபடி இதயம் ஓடினால் ஓடட்டும், என்னை இன்னொருத்தன் உள்ளே உட்கார்ந்து அடிக்க விட மாட்டேன் என்று, சம்மதக் கையெழுத்துக்கு நீட்டிய பேனாவைத் தூக்கி எறிந்தேன். உன் அம்மா அழுதாள். நான் அசையவில்லை.

நேற்று உன் தம்பியைச் சக்கர நாற்காலியில் என்னிடம் கூட்டி வந்தார்கள். ஒரு கண் மூடியே இருக்கிறது, முகம் முகமாகவே இல்லை. கட்டிலருகே உட்கார்ந்து என் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கன்னத்தில் ஒட்டியிருந்த பஞ்சு பிரிந்து தொங்கியது, ஒட்டிவிடலாம் என்று இடது கையைத் தூக்கினேன். சட்டென்று தலையைக் குனிந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நாற்காலிக்குள் ஒடுங்கிவிட்டான். ஸ்பேனர் அடிக்கு நகராதவன், அப்பன் கைக்கு ஒடுங்கினான். நர்ஸ் என்னைப் பார்த்தாள். தூக்கிய கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, அப்புறம் மெத்தை மேல் வைத்தேன். அவன் போன பிறகு பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எனக்கு இன்னும் கொஞ்ச காலம் வேண்டும் மகளே.

வியாழக்கிழமை காலையில் ஆபரேஷன். நீ அடித்துப் பிடித்துக் கிளம்பி வராதே, குட்டிக்குப் பரீட்சை நேரம். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் இருக்க வேண்டும், உன் கைவேலை நாலு பேரைக் காப்பாற்ற வேண்டும், அது அப்பாவின் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்தக் கம்பியை இழுக்கும்போது எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், அப்பா நேற்றுப் பஞ்சை ஒட்டத்தான் கை தூக்கினார் என்று தம்பியிடம் நீ சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா